கழட்டி வெச்ச மீட்டர்

…பின்னாடி நிக்கிற அண்ணமாரே, கொஞ்சம் முன்னாடி வாங்க. பிரியாணி வாசம் எனக்கும்தான் வருது. அண்டா எங்கயும் ஓடிப் போயிடாது. அதுக்குள்ள ஒரு லாரிக் கதையை முடிச்சிடறேன். லாரிக்காரங்ககிட்டயே லாரிக் கதையான்னு சிரிக்காதீங்க. முப்பது வருஷமா உங்களுக்கு ஊசி போட்ட நர்ஸம்மா சொல்றேன்… கேட்டுத்தான் ஆகணும்.

குழந்தைவேலுன்னு ஒரு டிரைவர். சொந்த வண்டி, ஆறு சக்கரம். கூடப் போறது யாரு? அவர் சம்சாரம் மயிலாத்தா. சமையலும் அந்தம்மாதான், ஏத்தத்துல டயருக்குக் கல்லு வெக்கிறதும் அந்தம்மாதான்.

அந்த வண்டியில ஒரு மீட்டர். எஞ்சினுக்கு டீசல் என்ன பிரஷர்ல போகுதுன்னு முள்ளு காட்டும். ஆசையா மாட்டினது. ஒரு நாள் அந்த மீட்டருக்குப் பின்னாடி ஜாயிண்ட்ல இருந்து டீசல் சொட்ட ஆரம்பிச்சிருச்சு. சொட்டு எங்க விழுது? நேரா அவரோட தயிர்சோத்துத் தூக்குல. மனுஷனுக்குக் கோவம் வருமா வராதா?

ஸ்பேனரைப் போட்டு இறுக்கினாரு. சொட்டுது. பெரிய ஸ்பேனரைப் போட்டு இன்னும் இறுக்கினாரு… அதிகமாச் சொட்டுது. நம்ம வைத்தியம்தான் தெரியுமே, துணி சோப்பைப் பிசைஞ்சு அப்பினாரு. அரை நாள் தாங்குச்சு. கடைசியா என்ன பண்ணினாரு? மீட்டரையே கழட்டி, பழைய லுங்கியில சுத்தி டூல்ஸ் பெட்டியில போட்டுட்டு, அந்த ஓட்டைக்கு ஒரு போல்ட்டை முறுக்கிட்டாரு. ஒரு சொட்டு இல்ல. பாத்தியா என் வேலையைன்னு வீட்டுக்காரிகிட்ட ஒரே பெருமை.

அந்தம்மா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க. "சொட்டு நின்னுருச்சுங்க. முள்ளும் போயிருச்சேங்க."

இவரு, "வாயை வெச்சிட்டு சும்மா வா புள்ள."

பதினஞ்சு நாள் போச்சு. தாளவாடிப் பக்கம் ஒரு கல்யாணம். பந்தல் துணி, நாற்காலி, சமையல் அண்டா, எல்லாம் இவர் வண்டியில. விடிஞ்சா முகூர்த்தம். திம்பம் மலை ஏறணும். இருட்டினா அங்க லாரியை விட மாட்டாங்கன்னு உங்களுக்கே தெரியும். ஒம்போதாவது வளைவுல… வண்டி விக்குது, இருமுது, நின்னே போச்சு. மத்தியானம் மணி மூணு. மயிலாத்தா குதிச்சு இறங்கிக் கல்லை வெச்சாங்க. பின்னாடி பஸ்ஸு, காரு, எல்லாம் ஹாரன். பொண்ணோட அப்பா போன்ல, எங்கப்பா வர்றே, எங்கப்பா வர்றேன்னு கேக்கறாரு. அந்தக் குரலுக்கு என்ன பதில் சொல்வீங்க?

குழந்தைவேலு அதைத் தட்டுறாரு, இதை உருவுறாரு. பம்பே போச்சு, கட்டி இழுத்துட்டுத்தான் போகணும்னு தலையில கையை வெச்சு உக்காந்துட்டாரு. அப்பத்தான் அந்தம்மா மெதுவா, "ஏனுங்க… மீட்டரை மாட்டிப் பாப்பமா?"

எரிச்சல்தான். ஆனா வேற வழி? லுங்கியைப் பிரிச்சாரு. மாட்டினா மறுபடி ஒழுகுமே, ஜாயிண்ட்டுக்கு நடுவுல வெக்கிற செம்பு வாசர் கெட்டுப் போச்சு, புதுசுக்கு எங்க போறதுன்னு கேட்டாரு. மயிலாத்தா அந்தச் செம்பு வாசரை வாங்கிப் பாத்தாங்க. இறுக்கி இறுக்கிக் கல்லாட்டம் ஆயிருந்துச்சு.

அந்தம்மாவுக்குப் பொறந்த வீடு எது தெரியுமா? அனுப்பர்பாளையம். அப்பா பாத்திரப் பட்டறையில செம்புக் குடம் தட்டினவரு. செம்பு அடிக்க அடிக்க விறைச்சுக்கும், நெருப்புல காட்டினா மறுபடி இளகிடும்னு பாத்தே வளந்தவங்க. வண்டியை விட்டு இருவதடி தள்ளிப் போயி, சோறாக்குற அடுப்பைப் பத்த வெச்சு, வாசரைக் குறட்டுல பிடிச்சுச் செவக்கச் செவக்கக் காட்டி, சொம்புத் தண்ணியில போட்டாங்க. சுர்ருன்னுச்சு. அவ்வளவுதான். அதே பழைய வாசர். மாட்டி, அளவா முறுக்கினாரு. ஒரு சொட்டு இல்ல.

இப்ப செல்ஃப் அடிச்சுப் பாக்கறாரு. முள்ளு… எந்திரிக்கவே இல்ல. அடியிலயே கிடக்குது. அதைப் பாத்ததும் அவருக்கு வெளங்கிருச்சு, எஞ்சினுக்கு டீசலே போய்ச் சேரல. பம்பைக் குறை சொல்றதுக்கு முன்னாடி ஃபில்டரைப் பாக்கணும். கழட்டினா, உள்ள அத்தனையும் சேறு. மாத்து ஃபில்டர் எங்க இருந்துச்சு? அவரு உக்காந்து ஓட்டுற சீட்டுக்கு அடியிலயே இருந்துச்சு. அரை மணி நேர வேலை. டீசல் குழாய்ல புகுந்த காத்தை வெளிய எடுத்துட்டு மறுபடி செல்ஃப் அடிச்சாரு, முள்ளு எந்திரிச்சு நின்னுச்சு. அஞ்சு மணிக்கு மலை ஏறியாச்சு. காலையில பந்தலுக்குக் கீழதான் தாலி கட்டினாங்க. ஏறி வரும்போது அவரு சொன்னாராம், "பதினஞ்சு நாளா அது சொல்லியிருக்கும். நான்தான் புள்ள கழட்டி வெச்சுட்டேன்."

என் கதை இவ்வளவுதான். இப்ப உங்களைக் கேக்கறேன்.

பக்கத்துப் பந்தல்ல இலவசமா ரத்தம் பாக்கறாங்க. எம்பது டிரைவர் வந்திருக்கீங்க, பேர் கொடுத்தது நாலே பேரு. ஏன்னு கேட்டா ஒருத்தர் சொல்றாரு, "டெஸ்ட் பண்ணாத வரைக்கும் எனக்குச் சுகர் இல்லீங்க நர்ஸம்மா." எனக்கு அழுகதான் வந்துச்சு. மீட்டரைக் கழட்டிட்டா டீசல் ஒழுங்காப் போயிடுமா? கால் மரத்துப் போச்சா, கண்ணு மங்குதான்னு வீட்டுல கேக்கறாங்களே… அவங்களை ஏன் வாயை மூடச் சொல்றீங்க? அவங்கதானே உங்க முள்ளு?

முள்ளு கீழ நிக்குதுன்னு தெரிஞ்சா என்ன ஆயிடும்? ஒண்ணும் ஆகாது. ஃபில்டரை மாத்திட்டு மலை ஏறலாம். இன்னிக்குத் தெரிஞ்சா மாத்திரை, நடை, கொஞ்சம் வாய்க்கட்டு. தெரியாமலே ஓட்டினாத்தான் ஒம்போதாவது வளைவு.

குழந்தைவேலு யாருன்னு கேக்கறீங்களா? அதோ, நீலச் சட்டை. ரெண்டாவது தடவையும் ரத்தம் கொடுத்துட்டு முழங்கையை மடக்கிப் பஞ்சை அமுக்கிட்டு நிக்கறாரே, அவரேதான். காலையில முத ஆளாப் பேர் கொடுத்தாரு. முத டெஸ்ட்டுலயே தெரிஞ்சிருச்சு, அவருக்குச் சுகர் இருக்குது, சொல்லச் சொல்லி அவரேதான் சொன்னாரு. மனுஷன் மூஞ்சியப் பாருங்க, சிரிச்சுட்டுத்தானே நிக்கறாரு?

எந்திரிங்க அண்ணமாரே. முதல்ல அந்தப் பந்தல். அப்புறம் பிரியாணி.