எந்த இளவரசரின் தீவு?

மதிப்பிற்குரிய அவைத்தலைவர் திருநாவுக்கரசு அவர்களே, முன்வரிசையில் முறுவலோடு வீற்றிருக்கும் மூத்தோரே, பிள்ளையை மடியில் ஏந்திப் பேச்சுக்குச் செவி தந்திருக்கும் தாய்மார்களே, ஆயர் ஈத்தாமிலிருந்தும் நிபோங் திபாலிலிருந்தும் வந்திருக்கும் போட்டியாளர்களே, பஷீரின் ஸலாமும் வணக்கமும்.

ஐரோப்பியர் தீவுகளுக்கு இட்ட பெயர்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். படிக்கப் படிக்கத் தலை சுற்றிவிட்டது. கிறிஸ்துமஸ் நாளில் கண்டான், கிறிஸ்துமஸ் தீவு என்றான். ஈஸ்டர் நாளில் கண்டான், ஈஸ்டர் தீவு என்றான். அங்கே ஆள் இருந்தால் கேட்டானா? நாள்காட்டியைப் பார்த்தான், நாமம் சூட்டினான். நம் பினாங்கிலும் 1786இல் கொடியேற்றி, மறுநாள் இளவரசருக்குப் பிறந்தநாள் என்று 'வேல்ஸ் இளவரசர் தீவு' என்றார்கள். அதைத்தான் நான் மனப்பாடம் செய்திருந்தேன். வினையும் அங்கேதான்.

சென்ற மாதம் நம் சங்கத்துப் புதிர்ப்போட்டி. நடுவர் நான். வேல்ஸ் இளவரசர் தீவு எங்கே என்று கேட்டேன். இரண்டு புள்ளிக் கேள்வி. தொழிற்சாலை வேலை முடித்து நேரே வந்திருந்த நிபோங் திபால் ஷர்மினி, "ஆஸ்திரேலியாவுக்கு வடக்க அண்ணே" என்றார். தவறு என்று மணி அடித்தேன். "இருக்கு லா அண்ணே, மேப்புல பாருங்க." நான் பார்த்தேனா? நடுவர் தீர்ப்பே இறுதி என்றேன். அந்த விதியை எழுதியவனும் நானே. ஒரே புள்ளியில் சுழற்கிண்ணம் ஆயர் ஈத்தாம் குகன் அணிக்குப் போயிற்று.

நேற்று வரைபடத்தை விரித்தேன். ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே ஒன்று. கனடாவில் ஒன்று. அலாஸ்காவில் ஒன்று. எந்தத் தீவு எந்த இளவரசருக்கு? சிரிக்காதீர்கள் அக்கா, எனக்கு இன்னமும் தெரியாது. ஆனால் ஷர்மினி சொன்னது சரி, நான் தவறு என்றதுதான் பிழை. கிண்ணம் அவருடையது.

என்ன தம்பி குகன்? எழுந்து சொல்லுங்கள்.

"கிண்ணத்துல எங்க பேரு வெட்டியாச்சு அண்ணே."

வெட்டிய பெயரா? பீரங்கி முழங்கி வைத்த அந்த இளவரசர் பெயர் என்னவாயிற்று தம்பி? பத்திரத்தில் எழுதினார்கள், படத்தில் பொறித்தார்கள். சந்தையில் மீன் விற்றவர் சொன்னாரா? சம்பான் படகு வலித்தவர் சொன்னாரா? வாழ்ந்தவர் வாயில் பினாங்கு என்றே இருந்தது, பினாங்கு என்றே நின்றது. உரியவர் பெயர் ஒன்று இருக்க, வெட்டிய பெயருக்கு என்ன மரியாதை?

குகன் கிண்ணத்தோடு மேடைக்கு வருகிறார். நன்றி தம்பி. நீங்களே கொடுங்கள். ஷர்மினி, ஊரறியத் தவறு என்றேன், ஊரறிய மன்னிப்புக் கேட்கிறேன். பொறுமையாய்க் கேட்ட உங்கள் எல்லாருக்கும் நன்றி, வணக்கம்.