பத்தொன்பது கிலோவுக்குப் பத்தொன்பது கிலோ

அவைக்குத் தலைமை தாங்கி, அந்த நோட்டீசை மடியில் பத்திரமாக வைத்திருக்கும் நலச்சங்கத் தலைவர் செல்வமணி அவர்களே! மேடையை அலங்கரிக்கும் கமிட்டிப் பெரியோர்களே! சுரங்கம் மூடிய பிறகும் ஷிப்ட் நேரத்துக்கே விழித்துக்கொள்ளும் என் தோழர்களே! பெங்களூர் ரயிலில் நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே திரும்பும் இளைஞர்களே! எல்லோருக்கும் மேலாக, முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் நம் கோரமண்டல் பகுதிச் சமையற்கூடத் தாய்மார்களே! தலை நிமிருங்கள் அம்மா. குனிய வேண்டியவர்கள் மேடையில் இருக்கிறோம். அனைவருக்கும் என் வணக்கம்.

அந்த நோட்டீஸ் என்ன சொல்கிறது? 'எரிபொருளைக் களவாடியதால் பாக்யலட்சுமி, லூயிசா இருவரும் நாளை முதல் நீக்கப்படுகிறார்கள்.' களவாம்! ஆறு ஆண்டுகளாக, சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகளில் முடங்கிக் கிடக்கும் நூற்றிருபது முதியவர்களுக்குச் சோறு வடித்த கைகளுக்குக் களவாம்! சொன்ன நாக்கு கூசவில்லையா? எழுதிய பேனா எழுதிக்கொண்டே போனதா?

நடந்ததைச் சொல்கிறேன். இந்த வாரம் ரூபேஷ் என்றொரு நிபுணர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, இனிக்கும் பேச்சு, ஈ மொய்க்காத சிரிப்பு! 'கேஸ் எதற்கு? மரத்தூளை இறுக்கிச் செய்த இந்தக் கட்டைகளை எரியுங்கள்' என்றார். நம் கூடத்துக்கு நான்கு நாளைக்கு ஒரு பெரிய சிலிண்டர். உள்ளே பத்தொன்பது கிலோ கேஸ். அவர் பத்தொன்பது கிலோ கட்டையை மூட்டை கட்டி, இதே மேடையில் தராசில் ஏற்றினார். 'பத்தொன்பதுக்குப் பத்தொன்பது! இனி நான்கு நாளைக்கு ஒரு மூட்டை!' என்றார். ஆகா, என்ன கைதட்டல்! சிலிண்டரை அன்றைக்கே திருப்பிக் கொடுத்தோம்.

என்ன ரிச்சர்ட், எழுந்து நின்று கேட்கிறாய்? "நீயுந்தானே தட்ன?" என்கிறாயா? ஆமாம்பா, தட்டினேன். எல்லோரையும்விட உரக்கத் தட்டினேன். என் யோக்கியதைக்கும் வருகிறேன், உட்கார்.

இரண்டாம் நாள் காலை, சோறு வேகும் முன்பே மூட்டை காலி. பாக்யலட்சுமி கமிட்டிக்கு ஓடி வந்தார். "ஐயா, கட்ட தீந்துபோச்சி. அரிசி அரவேக்காட்ல கீது. இன்னும் ரெண்டு மூட்ட குடுங்க."

நானும் உட்கார்ந்திருக்கும் கமிட்டி என்ன சொன்னது? "குட்த்த எட குட்த்தாச்சி. மீதி இன்னா ஆச்சி? உங்க வூட்டுக்குப் பூட்ச்சா?"

அப்போது லூயிசா கேட்டார் பாருங்கள் ஒரு கேள்வி! "எங்க வூட்ல கேஸ் அடுப்புதான் கீது. இந்தக் கட்டய வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? தலைக்கு வெச்சிப் படுக்கறதா?"

பதில் வந்ததா? நோட்டீஸ் வந்தது! அன்று மூச்சிரைக்கும் முனிசாமி அண்ணன் வேகாத சோற்றை மென்றார். மெல்ல முடியாதவர்கள் தட்டைத் தள்ளிவிட்டுப் பட்டினி கிடந்தார்கள்.

நேற்றுதான் நான் காகிதமும் பென்சிலும் எடுத்து உட்கார்ந்தேன். உங்கள் வீட்டுக் கரண்ட் மீட்டரில் ஓடுகிறதே யூனிட், அதைக் கேஸுக்கும் போடலாம், கரிக்கும் போடலாம், கட்டைக்கும் போடலாம். சூட்டை அளக்க அதுவும் ஒரு கோல். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஏறக்குறைய பன்னிரண்டரை யூனிட் சூடு. ஒரு கிலோ கட்டை எரிந்தால் நாலரை யூனிட். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான்! அதிலும் அடுப்பின் ஓரமாகப் பறந்து போவது எவ்வளவோ! நாலு நாள் சூட்டைக் கேட்டவர்களுக்கு ஒன்றரை நாள் சூட்டைக் கொடுத்துவிட்டு, மீதியைத் திருடினாய் என்றோமே, நியாயமா? வராத சூட்டை எந்த முந்தானையில் முடிந்துகொண்டு போவார்கள்?

வெளியூர்க்காரன் ஏமாந்தால் போகட்டும் என்பேன். நாம் யார்? கோலார் தங்க வயல்! இங்கே எவனாவது 'இன்று எத்தனை டன் கல் ஏற்றினீர்கள்' என்பதோடு நிறுத்தினானா? 'டன்னுக்கு எத்தனை கிராம்' என்றல்லவா கேட்டான்! சுரங்க ஷாப்டிலிருந்து ஏறி வந்த கல்லெல்லாம் எடையில் ஒன்றானால், தங்கத்திலும் ஒன்றா? கல்லைக் கேட்ட ஊர், கட்டையைக் கேட்கவில்லையே! கல்லை இடித்துத் தங்கம் பார்க்கும் அஸ்ஸே ஆபீசில் பதினான்கு வருடம் சம்பளம் வாங்கியவன் நான். 'கிலோவுக்கு எத்தனை சூடு?' என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கைதான் வந்தது, தட்டுவதற்கு! தூ, வெட்கம்!

தலைவர் அவர்களே, 'பேசித் தீர்மானிப்போம்' என்று காதில் சொல்கிறீர்கள். நோட்டீஸ் எழுதும்போது பேசினீர்களா? என் கணக்கில் தப்பிருந்தால் இப்போதே சொல்லுங்கள். கூடத்தில் அடுப்பு இருக்கிறது, கட்டை இருக்கிறது. வாருங்கள், ஒரு மூட்டையை வைத்து நான்கு நாள் நீங்கள் சமையுங்கள். முடிந்தால் நானே அந்த நோட்டீசை வாசலில் ஒட்டுகிறேன். முடியாதா? அப்படியானால் சிலிண்டர் நாளைக் காலை திரும்பி வரட்டும். மன்னிப்பு இன்றே வரட்டும்.

சரி, தட்டிய கைகளை நானே முதலில் கூப்புகிறேன். பாக்யலட்சுமி அம்மா, லூயிசா அம்மா, நீங்கள் திருடவில்லை. நாங்கள்தான் அளக்கத் தெரியாமல் உங்கள் மேல் பழி போட்டோம். எங்களை மன்னியுங்கள். என் நாற்காலியைக் காலி செய்துவிட்டேன். மேலே வந்து உட்காருங்கள். இருவருக்கு இன்னொரு நாற்காலி வேண்டும்; அது தானாகக் காலியாகிறதா என்று இந்த ஊர் பார்க்கட்டும்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி, பொறுக்காமல் குறுக்கே கேட்ட ரிச்சர்டுக்கும் நன்றி. வணக்கம்!