வெயிலில் வைத்த ஈரல்சாறு

எனக்குச் சிரித்த முகம், ஐயா. திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆய்வகத்தில் என்னைக் 'கலகலா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

புதிய மருந்து மரபணுவைக் கெடுக்குமா என்று பார்ப்பது என் வேலை. வேண்டிய சத்து ஒன்றைத் தராமல் கிருமிகளைத் தட்டில் பரப்பி, மருந்தை ஊற்றுவோம். மரபணு மாறிய கிருமி மட்டும் அந்தப் பட்டினியிலும் வளர்ந்து வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். தட்டு வெறிச்சோடிக் கிடந்தால் எங்களுக்குக் கொண்டாட்டம். சில மருந்துகள் ஈரலுக்குள் போன பிறகே விஷமாகும். அதனால் எலி ஈரலின் சாற்றைக் கலந்தும் பார்ப்போம்.

இது மசக்கை வாந்திக்கான மருந்து. சாறில்லாத தட்டுகள் சுத்தம். சாறு கலந்தவற்றில் ரவையைக் கொட்டியதுபோல் புள்ளிகள்.

அந்த நேரம் பார்த்து, மருந்தை உருவாக்கியவர் கையில் கேக்கோடு வந்து நின்றார். முந்தைய மருந்தெல்லாம் தோற்றுப்போன மனிதர்.

"என்னம்மா, நல்ல சேதிதானே?"

"நல்ல சேதிதான் சார். ஒரு தடவை சரிபார்த்துட்டு எழுதிடறேன்."

என் கையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார். எல்லோரும் ஆடினார்கள். எனக்கும் கால் தரையில் பாவவில்லை. அத்தனை முகங்களை வாடவைக்க யாருக்கு மனசு வரும்?

மறுபடி செய்தேன். குளிரில் இருக்கவேண்டிய சாற்றை ஜன்னலோரம் வெயிலில் வைத்துவிட்டு, நிதானமாகச் சாப்பிட்டு வந்தேன். செத்த சாறு எதையும் விஷமாக்காது. சாற்றுக்கு உயிர் இருக்கிறதா என்று காட்ட, தெரிந்த விஷத்தோடு ஒரு தட்டு வைப்பது முறை. அதில் சாறே தேவைப்படாத விஷத்தை ஊற்றினேன். அது ஒழுங்காகப் புள்ளி காட்டியது. மருந்துத் தட்டுகள் பளிச்சென்று இருந்தன. பின்னால் வந்த எலிச் சோதனையையும் நான்தான் பார்த்தேன். நல்லதாகவே பார்த்தேன்.

மருந்து கடைக்கு வந்தது. எத்தனை பெண்கள் வாந்தியில்லாமல் ஒரு வாய் சாப்பிட்டிருப்பார்கள் என்று நினைத்தால் இப்போதும் மனம் துள்ளுகிறது. நீங்கள் மேசையில் பரப்பியிருக்கும் குழந்தைகளின் படங்களையும் பார்த்தேன். சாற்றை வேண்டுமென்றேதான் வெயிலில் வைத்தேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் மருந்தின் மேல் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

என் தங்கையும் அப்போது உண்டாகியிருந்தாள். "அக்கா, உங்க ஆபீஸ் மாத்திரையக் குடேன், குடலே வெளிய வந்துடும் போலிருக்கு" என்று அழுதாள். மறுநாளே கொடுத்தேன். ஒவ்வொரு கேப்ஸ்யூலாகத் திறந்து, உள்ளே இருந்ததைக் கொட்டிவிட்டு, குளுக்கோஸ் நிரப்பி மூடிக் கொடுத்தேன்.

அவளுக்குக் கசப்பு ஆகாது. அதனால்தான்.