ரோடு பெயிண்டில் போட்ட பாண்டிக்கோடு

முப்பது ஆண்டுகள் பேருந்து ஓட்டி, ஒருநாளும் ஒரு கோட்டையும் தாண்டாமல் ஓய்வு பெற்று, இன்று எங்கள் நான்கு கட்டிடக் குடியிருப்புச் சங்கத்தின் ஓட்டுநர் இருக்கையில் ஓங்கி அமர்ந்திருக்கும் ஒப்பற்ற தலைவர் அவர்களே! பல்லைப் பிடுங்கினாலும் பரிவோடு பிடுங்கும் இரண்டாம் கட்டிடத்துப் பல் டாக்டர் அம்மையாரே! முன்வரிசையில் முகம் மலர வீற்றிருக்கும் மூத்தோர்களே! பிள்ளைகள் கழற்றி எறிந்த செருப்புகளுக்குக் காவல் இருக்கும் தாய்மார்களே! மூன்றாம் மாடி ஜன்னலில் முழங்கையை ஊன்றி, இறங்கி வராமலே இந்த விழாவைச் சிறப்பிக்கும் தையல்காரரே! இவர்கள் எல்லோரையும் இங்கே கூட்டிய எட்டுக் கட்டங்களே! உங்கள் அனைவருக்கும் என் எளிய, ஆனால் மிகவும் உயரமான வணக்கம்.

தலைவரே, நாற்காலிக்கு நான் அடித்த வெள்ளை காய்ந்துவிட்டதா? காய்ந்துவிட்டதாம். நன்றி. எழும்போது பார்த்துக்கொள்ளலாம்.

முற்றத்து விளையாட்டு விழாவின் முதலாம் ஆண்டு நிறைவில் என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். ஏன் என்னை? படித்தவர் இல்லையா இந்தக் குடியிருப்பில்? பட்டம் பெற்றவர் இல்லையா? நான் ஆறாம் வகுப்பை இரண்டு முறை படித்தவன். கூட்டிப் பார்த்தால் பன்னிரண்டு வருகிறது. ஆகவே தகுதியில் குறைவில்லை.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். சாலையில் கோடு போடுகிறவன். நடுக்கோடு, ஓரக்கோடு, வளைவுக்கோடு, நடந்து கடப்போருக்கு வரிக்கோடு. நான் இதுவரை போட்ட கோட்டை எல்லாம் நீட்டிப் பிடித்தால் நிலாவுக்குப் போய்த் திரும்பி வரலாம்.

"பக்கத்து ஊர் வரைக்கும்தான் வரும்!"

யார் அது? ஓ, என் மனைவி. அவையோர் பொறுத்தருள வேண்டும். இருபத்தாறு ஆண்டுகளாக என் கணக்கைச் சரிபார்க்கும் வேலை அவளுக்கு. சரி, பக்கத்து ஊர். ஆனால் போய்த் திரும்பி வரும்!

எங்கள் தொழிலுக்கு ஒரு சட்டம் உண்டு. தரையில் சாக்பீஸ் எப்படிப் போகிறதோ, அப்படித்தான் பெயிண்ட் போக வேண்டும். வளைந்தால் வளை. நின்றால் நில். ஏன் என்று கேட்காதே. அளந்து குறிக்கிறவர் மேற்பார்வையாளர். அதன் மேல் ஓட்டுகிறவன் நான். வரைபடம் என்று ஒரு தாள் கொடுப்பார்கள். அதை நான் மடித்துப் பெயிண்ட் டின்னுக்கு அடியில் வைத்துவிடுவேன். தாளைப் பார்ப்பவன் தடுமாறுவான். தரையைப் பார்ப்பவனே தலைநிமிர்வான் என்பது என் கொள்கை. அந்தக் கொள்கைதான், அன்பு நெஞ்சங்களே, சென்ற ஆண்டு இதே நாளில் என்னைக் கவிழ்த்தது!

நடந்ததைச் சொல்கிறேன். இந்த முற்றத்தில் எட்டு வண்டிகள் நிறுத்தக் கட்டம் போட வேண்டும் என்று சங்கம் தீர்மானித்தது. வேலை எங்கள் குழுவுக்கு வந்தது. முந்தின நாள் மாலை மேற்பார்வையாளர் அளக்க வந்திருக்கிறார். பிள்ளைகள் ஆடிக்கொண்டிருந்ததால், காலை எட்டு மணிக்கு வந்து குறிக்கலாம் என்று போய்விட்டார். எனக்கு அது தெரியாது. நானோ கடமையில் கதிரவனுக்கு முன் எழுபவன்! ஆறு மணிக்கே டின்னோடு வந்து நின்றேன். பார்த்தால் தரையில் சாக்பீஸ் கோடு. அழகாக, அடுக்காக, எட்டுக் கட்டம். எட்டு வண்டி, எட்டுக் கட்டம். கணக்குச் சரி!

கட்டம் கொஞ்சம் சிறியதாக இருக்கிறதே என்று நினைத்தேன். இக்காலத்து வண்டிகள் சிறுத்துக்கொண்டே வருகின்றன என்று தேற்றிக்கொண்டேன். உச்சியில் ஒரு அரைவட்டம் இருந்தது. அரைவட்டத்தில் எந்த வண்டியை நிறுத்துவார்கள்? பல் டாக்டர் அம்மா வெளிநாட்டு வண்டி ஏதோ வாங்கப் போகிறார் போலிருக்கிறது என்று முடிவு செய்தேன். அம்மா சிரிக்கிறார்கள், பாருங்கள். ஒன்று முதல் எட்டு வரை எண்ணும் இருந்தது. எட்டு மட்டும் படுத்துக்கிடந்தது. படுத்த எட்டைப் படுத்தபடியே போட்டேன். தொழில் தர்மம்!

ஏழு மணிக்குப் பிள்ளைகள் இறங்கி வந்தார்கள். ஒரு நூறு பேர்...

"பதினொண்ணு!"

பதினொரு பேர். ஆனால் சத்தம் நூறு. ரெட்டைச்சடை போட்ட அவர்கள் தலைவி, கேப்டன் என்றே எல்லோரும் கூப்பிடுவார்கள், இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்.

"மாமா, இதை நீங்களா போட்டீங்க?"

"வேற யாரு போடுவா இவ்வளவு நேர்த்தியா?"

"இது நாங்க பாண்டி ஆடுற கட்டம் மாமா!"

என் கையிலிருந்த பிரஷ் தானாகக் கீழே இறங்கியது. பாண்டி! சில்லை எறிந்து, ஒற்றைக் காலால் கட்டம் கட்டமாகத் தாவி, கோட்டை மிதிக்காமல் உச்சிக்குப் போய்த் திரும்பும் ஆட்டம். நான் நாடு போற்றும் வேலையென்று நினைத்து நொண்டிக் கட்டத்துக்கு ரோடு பெயிண்ட் அடித்திருக்கிறேன்!

"இது அழியுமா மாமா?" என்று கேட்டாள் கேப்டன்.

"லாரி ஏறினாலும் ஏழு வருஷத்துக்கு அழியாது."

பிள்ளைகள் எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பின்னால் நின்ற ஒருத்தியைப் பார்த்தார்கள். ஏழு வயது. சட்டைக் கையைக் கடித்துக்கொண்டு நின்றாள். மூன்று மாதம் முன்புதான் அவளும் அவள் அம்மாவும் நான்காம் கட்டிடத்துக்குக் குடிவந்திருந்தார்கள். அம்மாவுக்குச் சலவைக்கடையில் இஸ்திரி வேலை. வந்த நாள் முதல் யாரிடமும் அவள் நான்கு வார்த்தை பேசியதில்லை. பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் சுண்டெலி.

அவளை ஆட்டத்தில் எப்படிச் சேர்த்திருந்தார்கள்? இங்கே இருக்கும் எல்லோரும் அந்தப் பதவியை ஒருநாளாவது வகித்திருப்பீர்கள். உப்புக்குச் சப்பாணி! ஓடலாம், தாவலாம், கூடவே கத்தலாம். அவுட் ஆனால் அவுட் இல்லை. ஜெயித்தால் ஜெயித்ததும் இல்லை. இருந்தும் இல்லாத பதவி. மூன்று மாதம் அந்தப் பதவியில் இருந்தவளிடம் முந்தின நாள் மாலைதான் கேப்டன் சாக்பீஸைக் கொடுத்து, "நாளைக்கு உன் அவுட்டும் கணக்கு. கட்டத்த நீயே போடு" என்று சொல்லியிருக்கிறாள். அவள் முதன்முதலாகப் போட்ட கட்டம். படுத்த எட்டும் அவளுடையதுதான். அதைத்தான் நான் ஏழு ஆண்டுக்கு உறுதியாக்கி வைத்திருந்தேன்.

எட்டு மணிக்கு மேற்பார்வையாளர் வந்தார். பார்த்தார். கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"யோவ்! என்னய்யா பண்ணி வச்சிருக்க?"

"சாக்பீஸ் இருந்துச்சு. போட்டேன்."

"நல்லவேளை, எவனும் பூனை வரைஞ்சு வைக்கல. சாயங்காலம் அஞ்சு மணிக்குச் சுரண்டுற மெஷின் வருது. தலைவர்கிட்ட நீயே போய்ச் சொல்லு!"

சுரண்டும் இயந்திரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பெயிண்டை மட்டுமா சுரண்டும்? சுண்டெலியின் முகத்தையும் சேர்த்துச் சுரண்டப் போகிறது என்று எனக்குத் தோன்றியது. அவள் கட்டத்தின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். பள்ளிக்குப் போய்வந்து, மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

ஐந்து மணி. முற்றத்தில் சங்கம் கூடியது. இயந்திரம் ஒருபுறம் உறுமிக்கொண்டு நின்றது. நம் தலைவர், இதோ இந்தத் தலைவர்தான், தம் பழைய காரின் சாவியைச் சுழற்றிக்கொண்டே கேட்டார்.

"ஏம்ப்பா, எட்டு வண்டிக்கு இடம் கேட்டா, எட்டுக் குருவிக்கு இடம் போட்டிருக்க?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தால் எனக்கு வாய் சும்மா இருக்குமா? "தலைவரே! பாண்டியைச் சாதாரணமா நினைக்காதீங்க. நான் அந்தக் காலத்துல ஒத்தக் கால்லயே ஒரு தெருவைத் தாண்டினவன். இப்பவும் கண்ணை மூடிக்கிட்டு ஆடுவேன்!" என்று அளந்தேன்.

தலைவர் சாவி சுழற்றுவதை நிறுத்தினார். "அப்படியா? ஆடு. ஒண்ணுல இருந்து அரைவட்டம் வரைக்கும் கோட்டை மிதிக்காமப் போயிட்டு வா. வந்துட்டா கட்டம் இருக்கட்டும். என் வண்டிய நான் பின்சந்துல நிறுத்திக்கிறேன். மிதிச்சா மெஷின். சம்மதமா?"

முப்பது ஆண்டு பேருந்தில் சொன்ன சொல் மாறாத மனிதர். சம்மதம் என்றேன். வேறென்ன சொல்ல?

செருப்பைக் கழற்றினேன். வேட்டியை மடித்துக் கட்டினேன். ஐம்பத்து மூன்று வயது. எடை என்ன என்று யாரும் கேட்க வேண்டாம்.

"தொண்ணூத்தி நாலு!"

நன்றி, அம்மணி. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். சாலைக் கோட்டின் அகலம் எவ்வளவு? ஆறு விரல்கடை. சாக்பீஸ் கோட்டின் அகலம்? அரை விரல். நான் போட்ட கோடு இருபக்கமும் கட்டத்தைத் தின்றுவிட்டிருந்தது! பிள்ளைக்கால் வைக்கும் இடத்தில் என் கால் நுழைய வேண்டும். என் கோடே எனக்கு எதிரி. என் திறமையே எனக்கு வில்லன்!

சில்லை எறிந்தேன். தாவினேன். பிள்ளைகள் கைதட்டிப் பாட ஆரம்பித்தார்கள்.

எட்டி எட்டிப் போற காலு
எந்த வீட்டுக் காலு?
கோட்டத் தொட்டா கொட்டிப் போகும்
கொண்டு வந்த பாலு!

ஒன்று! முற்றம் அதிர்ந்தது. இரண்டு! தையல்காரர் ஜன்னலில் ஊசியை விட்டுவிட்டார். மூன்று! நான்கு! என் முழங்கால் என்னோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டது. ஐந்து! ஆறாவது கட்டத்தில் இறங்கினேன். கைகள் காற்றாடியாகச் சுற்றின. நின்றேன். கூட்டம் ஆர்ப்பரித்தது. தலைவரே கைதட்டினார்!

ஆனால் என் குதிகாலுக்கு ஒன்று தெரிந்தது. தரையின் சொரசொரப்பு வேறு, பெயிண்டின் வழவழப்பு வேறு. இருபத்தெட்டு ஆண்டு பெயிண்டோடு வாழ்ந்த கால் இது. குதிகாலின் ஓரம், ஒரு அரிசி அளவு, கோட்டின் மேல் இருந்தது. யாரும் பார்க்கவில்லை. தலைவர் பார்க்கவில்லை. கேப்டன் பார்க்கவில்லை. தரையோடு தரையாகக் குத்துக்காலிட்டிருந்த சுண்டெலி மட்டும் பார்த்தாள். என் காலைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். சட்டைக் கையைக் கடித்தாள்.

சொல்லுங்கள் பெரியோர்களே, நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஒன்றை நூறாக்கும் வாய் இது. பக்கத்து ஊரை நிலாவாக்கும் நாக்கு இது. ஒரு அரிசியை இல்லாமல் ஆக்குவது பெரிய வேலையா? ஆனால் அன்று முதல் தன் அவுட்டும் அவுட்டாகப் போகிறது என்று காத்திருந்த ஒரு பிள்ளையின் கண் முன்னால், அவள் போட்ட கட்டத்துக்குள் நின்றுகொண்டு, அவுட்டை இல்லை என்று சொன்னால், அந்தக் கட்டம் எதற்கு?

இன்னொரு காலையும் கீழே வைத்தேன். "அவுட்" என்றேன்.

"அன்னிக்கு ஒருநாள்தான் உண்மை பேசினார்!"

மனைவி சொல்வது முழு உண்மை. அவையோர் கைதட்டலாம்.

நான் அவுட் என்றதும் இயந்திரக்காரர் கைப்பிடியைப் பிடித்தார். தலைவருக்கும் மனமில்லைதான், ஆனால் சொன்ன சொல். "சரிப்பா, போடு மெஷினை" என்று வாயெடுத்தார். அப்போது கீழேயிருந்து, தரையோரத்திலிருந்து, ஒரு குரல்.

"மாமா அவுட் இல்ல."

எல்லோரும் குனிந்து பார்த்தோம். சுண்டெலி! மூன்று மாதத்தில் முதல்முறையாக எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பேசினாள். அதுவும் யாரிடம்? சங்கத் தலைவரிடம்!

"கோட்டை மிதிச்சேன்னு அவரே சொல்றாரேம்மா?" என்றார் தலைவர்.

"மிதிச்சாரு. ஆனா அவரு இன்னைக்குத்தானே புதுசா வந்தாரு? புதுசா வந்தவங்க உப்புக்குச் சப்பாணி. சப்பாணிக்கு அவுட் கிடையாது."

தலைவர் கேப்டனைப் பார்த்தார். "இப்படி ஒரு சட்டம் இருக்கா?"

கேப்டன் நெஞ்சை நிமிர்த்தினாள். "இருக்கு தாத்தா. இவளுக்கே மூணு மாசம் அந்தச் சட்டம்தான்."

சட்டம் என்ற சொல்லுக்கு முன் எங்கள் தலைவர் என்றைக்காவது எதிர்த்து நின்றிருக்கிறாரா? முப்பது ஆண்டுகள் சிவப்பு விளக்கில் நின்ற மனிதர்! என்னைப் பார்த்தார். "நீ என்னப்பா சொல்ற? நாடறிஞ்ச ஆட்டக்காரனா, உப்புக்குச் சப்பாணியா? நீயே சொல்லு."

ஒற்றைக் காலில் தெருவைத் தாண்டியவன் நான். நிலாவுக்குக் கோடு போட்டவன் நான். நெஞ்சில் கைவைத்து, நான்கு கட்டிடத்துக்கும் கேட்கும்படி சொன்னேன்: "உப்புக்குச் சப்பாணிதான் தலைவரே!"

மீதி இரண்டு கட்டத்தையும் அரைவட்டத்தையும் தாண்டினேன். திரும்பியும் வந்தேன். எத்தனை கோட்டை மிதித்தேன் என்று சொல்ல மாட்டேன். இயந்திரம் உறுமலை அடக்கிக்கொண்டு வெளியே போனது. தலைவர் வண்டியைப் பின்பற்றி எட்டு வண்டிகளும் அன்று முதல் பின்சந்தில் நிற்கின்றன. தலைவர் தினமும் அறுபது அடி நடக்கிறார். மூட்டுவலி குறைந்துவிட்டது என்கிறார். மாலையானால் ஸ்கிப்பிங் கயிற்றின் ஒரு முனை அவர் கையில்தான். ஸ்டியரிங் பிடித்த மணிக்கட்டல்லவா, கயிறு என்ன அழகாகச் சுற்றுகிறது! பிள்ளைகள் அதற்கும் பாட்டுக் கட்டியிருக்கிறார்கள்.

ஒண்ணு ரெண்டு உள்ள வா
மூணு நாலு முதுகு காட்டு
அஞ்சு ஆறு அண்ணாந்து பாரு
ஏழு எட்டு எகிறி ஓடு!

அந்தப் பாட்டில் முதல் குரல் யாருடையது? சுண்டெலியுடையது! இப்போது அவள் வாயை மூடச் சொல்லி அவள் அம்மா எங்களிடம் சிபாரிசுக்கு வருகிறார். இதோ, நான் முடிக்கும் வரை பொறுக்காமல் சில்லைக் கையில் வைத்துக்கொண்டு முதல் கட்டத்தின் முன் நிற்கிறாள். வாம்மா, வா! இன்று நீ கோட்டை மிதித்தால் அவுட். சந்தேகமே இல்லாத, முழுமையான, மரியாதையான அவுட்!

அழைப்பிதழில் என்னைக் "கோடுகளின் கோமான்" என்று அச்சிட்டிருக்கிறார்கள். எழுதிக்கொடுத்தவன் நானே. அதை இந்த மேடையிலேயே அடித்துவிடுகிறேன். என் பதவியை இந்தப் பிள்ளைகள் இன்னும் உயர்த்தவில்லை. உயர்த்த வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். கணக்கில் சேராமல் ஆடும் இன்பம் எனக்குப் பிடித்துவிட்டது.

பொறுமையோடு கேட்ட காதுகளுக்கும், பொய்யைத் திருத்திய மனைவிக்கும், சொல் காத்த தலைவருக்கும், சாக்பீஸ் பிடித்த சின்னஞ்சிறு விரல்களுக்கும் உப்புக்குச் சப்பாணியின் உளம் நிறைந்த நன்றி. வணக்கம்!

தலைவரே, மெல்ல எழுந்திருங்கள். நாற்காலி இன்னும் கொஞ்சம் ஈரம்தான்.