கருவியைக் கேட்டு வந்தவர்கள்

துக்கத்தோடு மேடையில் அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் ராஜாங்கம் அவர்களே, வல்லத்திலிருந்தும் மேல்மலையனூரிலிருந்தும் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் தோழர்களே, தாய்மார்களே! செஞ்சி பணிமனை ஓட்டுநர் அரிகிருஷ்ணனின் வணக்கம்.

நடத்துநர் பெரியதம்பி! எங்கள் சங்கச் செயலாளர் பெரியதம்பி! விபத்தில் தலையில் அடிபட்டபின், சற்றுமுன் நடந்ததுகூட அவருக்கு நிற்கவில்லை. டிக்கெட் வாங்கிய பயணியிடமே போய் மறுபடி டிக்கெட் எடுக்கச் சொன்னார். ஓர் ஆராய்ச்சி நிறுவனம் அவர் மூளையில் மெல்லிய கம்பிகளையும் நெஞ்சில் பேட்டரியையும் வைத்தது. அந்த மின்தூண்டலால் நினைவு திரும்பியது. அதை நான் மறுக்கவில்லை. திரும்பியதைக் காப்பாற்றாமல் விட்டார்களே, அதுதானய்யா என் வயிற்றெரிச்சல்!

கம்பி வைத்தபின் ஒருநாள், மேல்மலையனூர் அமாவாசை ஸ்பெஷல் பஸ். நிற்க இடமில்லை. "டிக்கெட் வாங்கிட்டேன்" என்று ஒருவர் முறைத்தார். "இல்ல நைனா, நீ மார்க்கெட்டாண்ட ஏறி பின்படியில நின்ன. நான் உன்கிட்ட வரவே இல்ல" என்று சிரித்தார் பெரியதம்பி. பஸ்ஸே கைதட்டியது!

பிறகு, ஆராய்ச்சி முடிந்துவிட்டது என்றது நிறுவனம். யாருக்கு முடிந்தது? பேட்டரி தீரத் தீர மறதி திரும்பியது. அவர் மனைவி மங்கை அம்மையார் நிறுவனத்துக்குப் போன் செய்துகொண்டே இருந்தார். மாற்ற ஒருவர் வந்தாரா? ஒருநாள் பெரியதம்பி, காலையில் சர்க்கரை மாத்திரை போட்டதை மறந்து மறுபடி போட்டார். அதையும் மறந்து இன்னொரு முறை போட்டார். அம்மையார் ரேஷன் கடையிலிருந்து திரும்பியபோது அவர் சுயநினைவில்லாமல் கிடந்தார். ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது.

அப்போது வந்தார்களய்யா! பாடை கட்டும் நேரத்தில் வந்தார்கள்! கருவி நிறுவனத்தின் சொத்தாம், எடுத்துத் தர வேண்டுமாம்! அம்மையார் வாசலை மறித்து நின்றார். "உயிரோட இருந்தப்ப போன எடுக்காதவங்க இப்ப இன்னாத்துக்கு வந்தீங்க? தலையில வெச்சது அவரோடவே போவட்டும்." அப்படியே மண்ணில் வைத்தோம்.

தோழர்களே, அதே மாதிரிக் கருவிதான், அதே ஆராய்ச்சியில் சேர்ந்து, இப்போது முன்வரிசையில் கைக்குழந்தையோடு இருக்கும் மோனிகாவின் தலையிலும் இருக்கிறது. பேட்டரி தீரத் தொடங்கிவிட்டது. பாலூட்டியதை அவர் மறக்கும்வரை நாம் காத்திருக்கப் போகிறோமா? பெரியதம்பி உயிரோடு இருந்தால் சும்மா இருப்பாரா?

திங்கட்கிழமை அந்த நிறுவனத்தின் வாசலில் உட்காருகிறோம். மோனிகாவுக்குப் புதுப் பேட்டரி வைக்காமல் எழ மாட்டோம்! வருகிறவர்கள் கை உயர்த்துங்கள்.

மங்கை அம்மையாரே, நீங்களுமா? காரியம்கூட முடியவில்லையே, வாசல்படி தாண்டலாமா என்று ஊர் கேட்குமே...

கையை இறக்க மாட்டேன் என்கிறீர்கள். சரி அம்மா, திங்கட்கிழமை போகும் பஸ்ஸில் முன்சீட்டு உங்களுக்குத்தான்.