பலகை நகர்ந்த வேகம்

எங்கள் வீட்டுக் கூடத்துக்கு ஒரே ஒரு ஜன்னல்தான், சார். சுங்கை பினாங் அடுக்குமாடியில் அதுவே பெரிய விஷயம். அதில் கொடிமலை தெரியும். அப்பா இறந்த பிறகு கூடத்தின் நடுவே பலகைத் தடுப்பு வைத்தோம். ஜன்னல் இருந்த பாதி அண்ணன் ஜெயராஜுக்குப் போயிற்று. பக்கவாதம் வந்து படுத்தவருக்குக் காற்று வேண்டும் என்று நானே சொன்னேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் பல்கலைக்கழகத்தில் மலைகளை அளக்கிறவன். இமயமலை நெருக்குண்டு ஆண்டுதோறும் கொஞ்சம் குறுகுகிறது, நகம் வளரும் வேகத்தில். பாறை மடிப்புகளை அளந்து அந்த வேகம் எப்போது கூடியது, எப்போது குறைந்தது என்று கண்டுபிடிப்போம். வேகம் மாறியிருந்தால், தெற்கிலிருந்து தள்ளும் நிலத்தட்டின் போக்கு மாறியிருக்கிறது என்று பொருள். தட்டு நகர்வது யார் கண்ணுக்கும் படாது.

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்புவதே இல்லை. கைப்பேசியில் பழைய கால்பந்து ஆட்டங்கள் பார்ப்பார். எனக்கோ அந்த மலை வேண்டியிருந்தது. ஒரு மத்தியானம் அவர் மாத்திரை போட்டுத் தூங்கும்போது, என் பக்கமிருந்து தடுப்பைத் தோளால் தள்ளினேன். ஒரு விரல் அகலம். அடுத்த வாரமும் அப்படியே. முதலில் ஜன்னல் சட்டம் என் பக்கம் வந்தது. பிறகு ஒரு கம்பி.

அண்ணன் கவனித்துவிட்டார்.

"லோகு, இந்தப் பலகை கிட்ட வருதுடா."

"பலகைக்கு என்னண்ணே, காலா இருக்கு?"

"எனக்கு ரெண்டு இருந்தும் நடக்கல. அது நல்லா நடக்குதுலா."

என் மனைவி தனலெட்சுமி சமையலறையிலிருந்து சிரித்தாள். "இப்படியே பேசுனீங்கன்னா தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குத்தான் வண்டி வரும், மாமா."

பலகை நடப்பதாக அவர் கற்பனை செய்கிறார் என்று டாக்டரிடம் நான்தான் சொன்னேன். புது மாத்திரை கொடுத்தார். அதன் பிறகு அண்ணன் பலகையைப் பற்றிப் பேசவே இல்லை. குணமாகிவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன். கட்டிலின் கால்மாட்டுக்கும் பலகைக்கும் இடையில் வழி குறைந்துகொண்டே வந்தது. தனலெட்சுமி வயிற்றை எக்கிக்கொண்டு நுழைந்து சோறு கொடுத்தாள். அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை அண்ணனுக்கு மூச்சுத் திணறியது. ஆம்புலன்ஸ்காரர்களால் ஸ்ட்ரெச்சரை உள்ளே கொண்டுபோக முடியவில்லை. அவர்கள் பலகையை உடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒவ்வொரு வாரமும் பலகை நின்ற இடத்தில் தரையில் விழுந்த கீறல்களை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். ஆமாம், தள்ளியது நான்தான்.

ஆனால் அந்தக் கீறல்களை அளந்து பாருங்கள், சார். கடைசி மாதங்களில் அவை நெருங்கி நெருங்கி வருகின்றன. விரல் அகலம் நூல் அகலமாகிவிடுகிறது. என் துறையில் இதற்கு ஒரே பொருள்தான்: தள்ளுகிறவனின் போக்கு மாறியிருக்கிறது. என்னையறியாமல் எனக்கு இரக்கம் வந்திருக்கிறது. அந்த மாதங்களில் தோள் மட்டும் ஏனோ அதிகமாக வலித்தது.

அண்ணனின் நல்ல காலில் உள்ளங்கால் முழுக்கக் காய்ப்பு என்கிறீர்கள். பலகையின் மறுபக்கம் பாதம் பதிந்த தடம் இருந்தது என்கிறீர்கள். தூங்குவதுபோலக் கிடந்துகொண்டு, கடைசி வரைக்கும் எதிரே மிதித்துக்கொண்டிருந்தாராம்.

இருக்கலாம், சார். என்றாலும் வாக்குமூலத்தில், வேகம் குறைந்ததற்குக் காரணம் தம்பியின் பாசம் என்றே போடுங்கள்.