மழை நாளில் வீடு பார்ப்பவர்

கரியாஹாட் டிராமில் எல்லோரும் மழையைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். முன் இருக்கையில் ஒருவர் மட்டும், "வீடு பாக்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது!" என்றார், தமிழில். வீட்டுத் தரகர் என்று புரிந்தது. பக்கத்தில் ஒரு தம்பதி, நனைந்த குடையோடு.

"பாலிகஞ்ச் வீட்டுக்கு நாளைக்கு வெயில்ல போனா என்ன ஓய்?" என்றார் கணவர்.

"வெயில்ல எல்லா வீடும் நல்ல வீடுதான் சார்."

"பெஹாலா வீட்டுக்கே நாளைக்கு அட்வான்ஸ் கொடுக்கறதாத்தானே பேச்சு? இவளுக்கு அந்தத் தோட்டம் ரொம்பப் பிடிச்சுப்போச்சு."

"காலம்பற அங்கே போய்ப் பாத்தேன். சமையல்கட்டுல முழங்கால் தண்ணி. வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"எங்களைக் கேக்காமலா?"

"கேட்டிருந்தா, மாமி தோட்டத்தை நெனச்சுண்டு சரின்னிருப்பா." தரகர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான் குடிவெச்ச ஒரு வீட்டுலயாவது, தண்ணிக்குப் பயந்து அரிசி மூட்டையைக் கட்டில்மேல ஏத்தினதுண்டான்னு விசாரிச்சுப் பாருங்கோ."

அதுவரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்த மனைவி எழுந்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள்.

"நாமளே தேடிப் பிடிச்ச நம்மாத்துல இப்போ மூட்டையை ஏத்தி வெச்சுட்டுத்தானே வந்திருக்கோம்? பாலிகஞ்ச் வந்தாச்சு. இறங்குங்கோ."